நுரைநீர்மேல் நம்மவர்: சிறுகலங்களின் வரலாறு குறித்துச் சில செய்திகள்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு நண்பர்கள் பணித்தபோது, திருநின்றவூரின் திருக்கோயில்களைப் பற்றியே நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பக்தவத்சலப் பெருமாளைப் பற்றியும், பூசலார் தம் நெஞ்சில் எழுப்பிய கோயிலைப் பற்றியும் அறிஞர் பலர் நம் கூட்டங்களில் நிறையவே பேசிவிட்டனர். ஆகவே நான் நீரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதற்குத் தூண்டுகோலாய் அமைந்தவன் என் தமக்கையின் மகன்.

அவன் நண்பர் இருவரோடு சேர்ந்து ஒரு கயாக் படகு வாங்கியிருந்தான். ஒருவர் மட்டுமே கால் நீட்டி அமரத்தக்க, மேற்புறம் மூடிய, மெலிந்து நீண்ட படகு அது. இருபுறமும் அலகுள்ள ஒரே துடுப்பால் அதனைச் செலுத்துவர். கோழிக்கோட்டை அடுத்த கோடஞ்சேரிப் பகுதியில், சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் 2013 முதல் நடைபெற்றுவரும் மலபார் ஆற்று விழாவைக் கண்டு வந்தது முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் மழைக்கால ஓடைகளில் பிறநாட்டாரும் நம் நாட்டாரும் இறங்கி வருவதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். பிறகு கேட்டான்: “நம்ம ஊர்ப் பக்கத்துல இப்படித் தண்ணி எங்க மாமா இருக்கு? நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கமே இல்லயே!”

அவனது முதற்கேள்வி நியாயமானது; பின்னர்ச் சொன்னதுதான் பிழை. அப்பிழையைத் திருத்த அவனிடம் பல மாலைகளில் நான் கூறியவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

திருநின்றவூருக்குத் தெற்கே கூவமும் வடக்கே குசத்தலையும் ஓடுகின்றன. ‘ஓடுகின்றன’ என்பது ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே பொருந்தும் சொல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்து பெருமழை பொழிந்தால், மணற்பரப்பாய்க் கிடந்த ஆறு ஓரிரவில் கரைபுரளும். தை பிறக்கு முன்னே மெலிந்துவிடும். குசத்தலையாற்றைக் கொற்றலையாறு என்றும் வழங்குவர். கேசாவரம் அணைக்கட்டில் அதனின்று பிரிவதே கூவம். குசத்தலையோ பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. பூண்டி 1944இல் கட்டி முடிக்கப்பெற்றது. சென்னை மேயராயிருந்து அதற்காக உழைத்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்னும் வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியை அடைகிறது.

இவை யாவும் சமநிலத்து ஆறுகள். மலைச்சரிவும் பெரும்பாறையும் இன்மையால் இவற்றில் நீர் உடைந்து நுரைப்பதில்லை. ஏரி நிறைந்து கலங்கல் வழியும் நாளில், வாழைத்தண்டுகளை மூங்கிற்குச்சியால் கோத்துத் தெப்பமாக்கி, சறுக்கும் நீரில் விழுந்து எழுந்ததே எம் இளமைக்கால வீரம். எம் அன்னையார் கையிற் பூவரசங்கொம்போடு கரையில் நின்றது அதனினும் பெரிய வீரம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆயின் மெய்யான நுரைநீர் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. திருநின்றவூர் நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் அதன் கரையில் நிற்கலாம். சென்னைக் கடற்கரையின் உடையலைகளையே குறிப்பிடுகின்றேன். மேலை நாட்டார் மலையோடைகளைத் தேடிப் படகேறுவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே, உடைந்து கொந்தளிக்கும் நீரைச் சிறுகலத்தால் கடக்கும் கலை அக்கரையில் அன்றாடத் தொழிலாக இருந்தது.

1639இல் பிரான்சிஸ் டே கோட்டைக்கு இடம் தெரிவு செய்தபோது துறைமுகம் ஒன்றைத் தெரிவு செய்யவில்லை. திறந்த மணற்கரை ஒன்றையே அவர் பெற்றார். கடல் அங்கே மெல்ல மெல்ல ஆழங்குறைந்து கரையை அடைகிறது. தன் உயரத்திற்கு நெருங்கிய ஆழமே மிஞ்சும் இடத்தில் அலை நிற்கமாட்டாமல் தலைகவிழ்ந்து உடையும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய், பெரும்பாலும் மூன்று வரிசைகளில் உடையலைகள் எழுந்தன. கப்பல்கள் அவற்றிற்கு அப்பால் ஒன்றிரண்டு மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆளுநராயினும் சரி, ஆட்டுக்குட்டியாயினும் சரி, இடைப்பட்ட அந்நுரைநீரைக் கடந்தே நகருக்குள் வரவேண்டும். ஐரோப்பியக் கப்பலின் சொந்தப் படகுகள் அங்கே பயன்படவில்லை. ஆணியடித்து இறுக்கிய அப்படகுகள் மணலில் அறைந்தால் பிளந்துவிடும்.

பயன்பட்டவை இரண்டு கலங்கள். ஒன்று மசூலாப் படகு. ஏறத்தாழ 30 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டு, தட்டையான அடிப்பகுதியோடு உயர்ந்த பக்கங்கள் உடையது. அதில் ஓர் ஆணியும் கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, பொருத்துவாயின்மேல் நார்த்திரளை வைத்து அழுத்தி, தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். படகின் அடி மணலில் மோதும்போது பலகைகள் சற்றே நெகிழ்ந்து வளைந்து கொடுக்கும். தையல் வழியே நீர் கசியத்தான் செய்யும். அதை இறைத்துக் கொட்டுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பான். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிக்க, தலைவன் பின்புறத்தில் நீண்ட துடுப்போடு நின்று அலையை நோக்குவான். அவன் பார்வை முன்னே இருக்கும் கரையைவிடப் பின்னே வரும் கடலின்மேலேயே மிகுதியும் இருக்கும். பேரலை ஒன்று கடந்ததும் அவன் குரல் கொடுப்பான். அதற்கடுத்த அலை வளர்ந்து தலை கவிழு முன்னர் அனைவரும் பாடிக்கொண்டே வலித்து ஒரு வரிசையைத் தாண்டுவர். பிறகு காத்திருப்பர். இறுதி அலை படகைத் தூக்கிக் கரையில் எறிய, ஆட்கள் கயிற்றோடு குதித்து, அடுத்த அலை பின்னுக்கிழுக்கும் முன் மேலே இழுத்துவிடுவர்.

அலைகளைத் தாண்டும் திறன் வலிக்கும் தோளில் மட்டும் இல்லை; காத்திருப்பதில்தான் மிகுதியும் இருந்தது. கடல் மிகக் கொந்தளித்த நாளில் எவரும் இறங்கலாகாது என்பதற்குக் கரையில் கொடி ஏற்றினர்.

மற்றொரு கலம் கட்டுமரம். மென்மரக் கட்டைகளைச் செதுக்கி, நடுக்கட்டை தாழவும் ஓரக்கட்டைகள் உயரவும் அமைத்துக் கயிற்றால் பிணிப்பதே அது. அதனுள் நீர் புகுவதற்கு உள் என்பதே இல்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே உலரவிடுவர். மசூலாப் படகு இறங்க அஞ்சும் நாளிலும் கட்டுமரம் இறங்கும். பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, மண்டியிட்டுத் துடுப்பு வலித்துக் கப்பலை அடைந்த கட்டுமரக்காரரைப் பற்றிப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர். அலை அடித்து வீழ்த்தினால் அவர் நீந்திச் சென்று மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்வார். பயணிகள் செல்லும் மசூலாப் படகின் அருகே கட்டுமரங்களும் உடன் செல்லும். படகு கவிழ்ந்தால் மனிதரைப் பொறுக்கியெடுப்பது அவற்றின் வேலை. அவ்வாறு உயிர் காத்தோருக்குப் பதக்கம் வழங்கும் வழக்கமும் இருந்தது. இருப்பினும் நான் படித்த பயணக் குறிப்புகளில் எழுதியவரின் அச்சமும், கூலிச் சச்சரவும், படகோட்டிகளின் கூச்சலும் பக்கம் பக்கமாய் உள்ளனவேயன்றி, உயிரைக் கரை சேர்த்த ஒருவரின் பெயரேனும் என் கண்ணிற் படவில்லை. பெட்டியில் எத்தனை சட்டைகள் நனைந்தன என்ற கணக்கு உண்டு.

இக்கலை ஆங்கிலேயர் வரவால் பிறந்ததன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் வழிகாட்டியாகிய பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், கீழைக் கரைத் துறைகளைச் சொல்லுமிடத்து, மரங்களைப் பிணித்துச் செய்த ‘சங்கரா’ என்னும் கலங்களைக் குறிக்கிறது. மலையாளத்தில் இன்றும் வழங்கும் ‘சங்ஙாடம்’ என்ற சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். புணை, அம்பி, ஓடம், பஃறி, திமில் எனச் சங்கச் சான்றோர் சிறுகலங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தமை புலவர் பெருமக்கள் அறிந்ததே. பெயர் பலவாயிருப்பது பழக்கம் பலவாயிருந்ததைக் காட்டும்.

இனி, என் மருமகனின் கயாக்கிற்கு வருவோம். அச்சொல் வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய பனிநாடுகளில் வாழும் இனுவித் மக்களுடையது. மரம் வளராத அந்நாட்டில், கடலில் மிதந்துவந்து ஒதுங்கும் கட்டைகளையும் எலும்பையும் சட்டமாக்கி, விலங்கு நரம்பால் பிணித்து, கடல்நாய்த் தோலைத் தைத்துப் போர்த்திச் செய்தனர். அதிலும் ஆணி கிடையாது! பனிக்கடலின் வேடனும் வெயிற்கடலின் பரதவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. மோதும் நீருக்கு முன் விறைத்து நிற்கும் கலம் உடையும், பிணிப்பும் தையலும் உள்ள கலம் நெகிழ்ந்து பிழைக்கும் என்பதை இருவரும் தத்தம் கரையில் தாமே கண்டறிந்தனர். இச்செய்தியைச் சொன்னபோதுதான் என் மருமகன் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

இரு சொற்களும் உலகம் சுற்றின. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லிக் குறித்தார். 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலக் கடற்படையினர் அனுப்பிய வெடிமிதவைகளுக்கும் அப்பெயரையே இட்டனர். 1876இல் அமெரிக்கரான நத்தானியல் எர்ரஷாப் ‘அமரில்லிசு’ என்ற இரட்டையுடற் பாய்ப்படகைக் கட்டிப் போட்டியில் எல்லோரையும் முந்தினார். அவ்வகைப் படகுகளுக்கும் நம் சொல்லே நிலைத்துவிட்டது. இரட்டையுடற் படகு உண்மையில் பசிபிக் தீவினரின் வழியைச் சார்ந்தது. பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது. இதற்காக நாம் தோள் தட்டிக்கொள்வதில் பொருளில்லை. கயாக்கோ பொருளும் பெயருமாகவே பயணம் செய்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மக்ரெகர் 1865இல் அதனையொத்த சிறுபடகொன்றில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்து எழுதிய நூல் பலரையும் ஆற்றில் இறக்கியது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கின்போது ஆக்சுபர்க் நகரில் இதற்கெனவே நுரைநீர்க் கால்வாய் அமைத்துப் போட்டி நடத்தினர்.

சென்னையில் நிகழ்ந்ததோ வேறு. 1861இல் அலைகளுக்கு மேலாகக் கடலுக்குள் நீளும் இரும்புத் துறைமேடை ஒன்று அமைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் துறைமுகப் பணி தொடங்கி, 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்து, மீண்டும் எழுந்தது. சுவர்கள் அலையை நிறுத்தியதும் மசூலாப் படகின் தேவை தேய்ந்தது. அத்தோடு கரையும் மாறிற்று. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் துறைமுகச் சுவரால் தடைப்பட்டுத் தென்புறத்தில் குவிந்தது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டப் மெரீனா என்று பெயரிட்ட கடற்கரை அவ்வாறே அகன்றது. மணல் வாராத வடபுறத்தில், இராயபுரத்திற்கு அப்பால், கடல் கரையை அரிக்கத் தொடங்கி, மீனவக் குப்பங்களின் நிலத்தைத் தின்றது. மெரீனாவில் சுண்டல் தின்றபடி காற்று வாங்கும் நாம் அம்மணல் எவர் வாயிலிலிருந்து வந்தது என்று நினைப்பதில்லை.

கட்டுமரம் மீன்பிடிக் கலமாக இன்னும் நெடுநாள் வாழ்ந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராயிருந்த ஜேம்சு ஆர்னல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இக்கரைக் கலங்களுக்கு உரிய இடம் தந்தார். பின்னர் கண்ணாடியிழைப் படகும் புறப்பொறியும் வந்தன. எளிதாகவும் விரைவாகவும் ஆழ்கடல் செல்ல உதவும் அதனை மீனவர் ஏற்றதில் வியப்பில்லை. மரத்தைக் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன என்பதே வருத்தம்.

அமைதிநீர்ப் பயணமும் நம்மருகே இருந்தது. 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் வடக்கே நீண்டது. 1877-78 பஞ்சகால நிவாரணப் பணியில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பின் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் அதன் நிலை யாவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அறிந்ததே.

உள்நாட்டு நுரைநீருக்கு நம்மிடமுள்ள கலம் பரிசல். மூங்கிற் பிளாச்சுகளைக் கூடையாய் முடைந்து தோல் போர்த்திய வட்டக் கலம். தோலின் இடத்தைப் பிற்காலத்தில் தார் பூசிய துணியும் நெகிழித்தாளும் பிடித்தன. 1520ஐ ஒட்டி விசயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயசு, துங்கபத்திரையை மக்கள் இத்தகைய கூடைப் படகில் கடந்ததை எழுதியுள்ளார். ஒகேனக்கல்லில் பாறையிடுக்கில் பரிசல் செலுத்துவோரைக் கண்டவர், கயாக் ஓட்டுவோரைக் கண்டு புதிதாக வியக்கமாட்டார். முன்பின் இல்லாத அவ்வட்டக் கலத்தை நீரோட்டம் சுழற்ற முயலும். அச்சுழற்சியையே பயன்படுத்திப் பாறையினின்று நழுவுவது அவர் கைத்திறன்.

இத்தனையும் கேட்ட மருமகன், கடந்த கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில், படகைச் சிறு சரக்குந்தில் ஏற்றிக்கொண்டு என்னையும் அழைத்தான். பெரியபாளையம் சாலையில் தாமரைப்பாக்கத்தை அடைந்தோம். பூண்டியிலிருந்து வந்த செந்நீர் அணைக்கட்டின்மேல் ஒரே சீராக வழிந்து, கீழே வெண்ணிறப் பட்டையாய் நுரைத்துக்கொண்டிருந்தது. சுவர் உயரமும் மிகுதியில்லை. “இது போதும் மாமா, இறங்கிடலாம்” என்றான்.

நான் அவனைக் கரையோரமாய்க் கீழ்ப்புறம் அழைத்துச்சென்று, காய்ந்த தென்னைமட்டை ஒன்றை அணைமேல் வழியும் நீரில் எறியச் சொன்னேன். மட்டை வழிந்து விழுந்து மூழ்கியது. சற்றுத் தள்ளி எழுந்தது. பின் ஆற்றோடு போகாமல் சுவரை நோக்கித் திரும்பிவந்து மீண்டும் விழுநீரின் கீழ் அமிழ்ந்தது. மீண்டும் எழுந்தது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால்மணி நேரம் கழிந்தும் அது அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

மலையோடையின் பாறை ஓரிடத்தில் நிற்கும். நீர் அதன் இருபக்கமும் வழி கண்டு ஓடும். நுரைக்கு நடுவிலும் வெளியேறும் வாயில் உண்டு. கரைக்குக் கரை நேராய்க் கட்டிய தடுப்பில் அவ்வாயில் இல்லை. விழுநீர் அடியிற் சென்று, மேல்நீரைச் சுவர்ப்பக்கம் திருப்பியிழுக்கிறது. காற்று கலந்த நுரையோ மிதப்பைக் குறைத்துவிடுகிறது. நீச்சல் வல்லவரும் அங்கே மாள்வது இதனாலேயே. அயல்நாடுகளில் நுரைநீரில் பழகியோர் இத்தகைய அணைகளைக் கண்டால் படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரைவழியே சுற்றி நடந்துவிடுவர். புதிய ஓடை எதுவாயினும் வளைவுக்கு முன் இறங்கி, நடந்துபோய்ப் பார்த்த பிறகே துடுப்பைத் தொடுவர். கொடி ஏறியிருக்கிறதா என்று பார்த்து நின்ற மசூலாப் படகோட்டி செய்ததும் இதுவே.

கழிமுகமும் அத்தகையதே. பழவேற்காட்டில், ஏரி கடலோடு சேரும் முகத்தருகே 2011 டிசம்பர் 25 அன்று உலாவந்த படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏரிநீரின் அமைதியை நம்பி ஏறியவர்கள் அவர்கள். அம்முகத்தில் மணல் மேடிடுவதும், நீரோட்டம் திசை மாறுவதும், அலை உள்ளேறுவதும் அங்கே வலை வீசுவோருக்குத் தலைமுறை தலைமுறையாய்த் தெரியும். எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடலாம் என்று ‘பாடு’ முறை வகுத்து வாழ்பவர்கள் அவர்கள். நீரைப் பற்றிய அறிவை அவர்களிடம் கேட்டுப் பெறும் பழக்கம் நம்மிடம் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னைத் தெருக்களில் புகுந்தபோது, மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிவந்து மாடிகளில் தவித்தோரை மீட்டனர். கட்டுமரக்காரரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவ்வாண்டு நாம் கண்ணீர் மல்கினோம். அடுத்த ஆண்டு, அவர்கள் கரையை விட்டு ஒதுங்கவேண்டும் என்று மீண்டும் பேசத் தொடங்கினோம்.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இன்னும் கசப்பானது. சாம்பற்படிவால் ஆழங்குறைந்த அவ்வுப்பங்கழியில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவிற்று. நம் குசத்தலை முடியும் இடம் அது. தாமரைப்பாக்கத்தில் தெளிந்தோடும் நீரைக் கண்டு மகிழ்பவன், ஆற்றின் போக்கிலேயே சென்றால் அவ்விடத்தைத்தான் அடைவான்.

அன்று என் மருமகன் படகை இறக்கவில்லை. இருவரும் அதனைத் தூக்கிக்கொண்டு அணைக்குக் கீழே நெடுந்தூரம் நடந்து, நீர் மணலைத் தழுவி அமைதியாய்ப் பரவும் ஓரிடத்தை அடைந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் படகைச் சுற்றிவந்து பார்த்தார், விரலால் தட்டினார். “இதுல கட்டு எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். வார்த்தெடுத்த நெகிழியுடல் அது. கட்டு எதுவும் இல்லை என்று அவன் விளக்கினான். முதியவர் தலையசைத்துவிட்டு, வலப்பக்கம் நாணற்புதரை ஒட்டி மணல் எடுத்த பள்ளம் இருக்கிறது, இடப்பக்கமாகவே போ என்று கையைக் காட்டினார். அவன் இடப்பக்கமாகவே போனான்.